பதினேழாம் பாடம்

ரீகா நகர ட்ராம் பணிமனை.
தொலைந்த பொருள் அறையில்
மார்ச் மாதத்திலும் ஹீட்டர் இருமுகிறது.
பதினோராம் எண் வண்டி, கடைசி இருக்கை என்று சொல்லி
ஓட்டுநர் ஆர்விட்ஸ் மேசையில் வைத்துவிட்டுப் போனான்:
தேய்ந்த சோப்புக் கட்டி அளவில் ஒரு பாட்டுப் பெட்டி,
திரையில் கீறல்,
கழுத்தைச் சுற்றி ஒரே காதுள்ள வயர்.

பதிவேட்டில் எழுதினேன்.
எண் 412. நிறம் வெள்ளை, ஒருகாலத்தில்.
உரிமையாளர்:
அந்தக் கட்டம் காலியாகக் கிடப்பது
எனக்குப் பிடிக்காது.

இழுப்பறை நிறைய வயர்கள்,
அவையும் யாரோ தொலைத்தவைதான்.
ஒன்றின் வாய் சின்னது. ஒன்றின் வாய் கோணல்.
ஒன்று உள்ளே போனது, பேசவில்லை.
கணக்குப் பிரிவு ஸைகா தன் மகனுடையதைக் கொண்டுவந்தாள்,
தவளை வாய்போல் அகன்று தட்டையாக.
"சாயங்காலமே வேணும், இல்லேன்னா
வீட்டை ரெண்டாக்கிடுவான்."

கணினி முதலில் கண்டுகொள்ளவில்லை.
பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினேன்.
இருபது நிமிடம் சிவப்பு பேட்டரி.
பிறகு ஒரு சத்தம்,
பக்கத்து வீட்டில் யாரோ கரண்டியை நழுவவிட்டதுபோல.
'புதிய சாதனம் கிடைத்தது.'
இந்த அறையில் அதைச் சொல்வது
வழக்கமாக நான்.

சாதனத்தின் பெயர்: இது ஆக்ரிஸுடையது இல்லை.
ஆக்ரிஸ் யார்? தம்பியா, அறைத்தோழனா,
வாங்கிப்போய்த் திருப்பித் தராதவனா?
காலிக் கட்டத்தில் பென்சிலால் எழுதினேன்:
ஆக்ரிஸ் அல்லாதவர்.
முழு நகரத்தில் ஓர் ஆளைக் கழித்தாயிற்று.

அதற்குள் திரையில் குதித்தது இன்னொரு கேள்வி.
இந்தக் கருவி வேறொரு கணினியைச் சேர்ந்தது.
உள்ளிருப்பதை அழித்துவிட்டு
இங்கிருப்பதை நிரப்பட்டுமா?
'ஆம்' முன்கூட்டியே நீலமாகக் காத்திருந்தது.
இங்கிருந்த ஒரே ஒலி
தீயணைப்புப் பயிற்சி அறிவிப்பு.
ஒரு விரல் அசைந்தால் போதும்,
யாருடையதோ காது முழுக்க
'பதற்றப்படாமல் வரிசையாக வெளியேறவும்.'

வேண்டாம் என்றேன்.
மவுஸ் ஈரமாகியிருந்தது.

திறந்து பார்த்தால் பாட்டு ஒன்றுகூட இல்லை.
நாற்பது பாடங்கள். தொடக்கநிலை ஃபின்னிஷ்.
முதல் பாடம் முப்பத்தொரு முறை கேட்டிருக்கிறார்,
பத்தாவது ஒன்பது,
பதினாறாவது இரண்டு.
பதினேழு, நான்கு நிமிடம் பத்து விநாடியில்
பாதிச் சொல்லோடு நிற்கிறது.
பதினெட்டிலிருந்து
எவரும் மிதிக்காத பனி.

கேட்கக்கூடாது. விதி, பிரிவு ஆறு.
கேட்டேன்.
சிரித்த முகமாய்ப் பேசும் ஒரு பெண் குரல்:
"ஓலென் எக்ஸுனூட். நான் வழி தவறிவிட்டேன்.
இப்போது நீங்கள்."
ஐந்து விநாடி மௌனம்.
என் முறை.

சுற்றிலும் குடைகள்,
ஜோடி சேராத நூற்றுப் பதினாறு கையுறைகள்,
ஒரு செலோ, ஒரு பல்செட்.
எல்லாம் என்னையே பார்த்தன.
"ஓலென் எக்ஸுனூட்."
"மிக நன்று," என்றாள்.

ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும்,
அப்புறம் உடைத்துவிட வேண்டும்.
ஸைகாவின் மகன் வெள்ளிக்கிழமைகளில்
வயரை வாடகைக்கு விடுகிறான், ஒரு சாக்லேட்டுக்கு.
இப்போது நான் இருபத்து மூன்றாம் பாடத்தில்
ஹெல்சிங்கித் துறைமுகத்தில் மீன் விலை கேட்கிறேன்,
மிகுந்த மரியாதையோடு.
எனக்கு மீன் ஆகாது.

முடிந்ததும் பின்னோக்கித் தள்ளுவேன்.
இருபத்திரண்டு, இருபது, பதினெட்டு,
பதினேழு,
நான்கு நிமிடம் எட்டு, ஒன்பது,
பத்து.
அங்கே நிறுத்தி,
பாதுகாப்பாக அகற்றலாம் என்று கணினி சொல்லும்வரை காத்திருந்து
வயரைக் கழற்றுவேன்.

ஆக்ரிஸ் அல்லாதவர் ஒருநாள் கதவைத் தட்டினால்
விட்ட இடம் விட்டபடி இருக்க வேண்டும்.

கேட்ட எண்ணிக்கையைத்தான் திருத்த முடியவில்லை.
பதினெட்டுக்கு எதிரே நான்கு என்று நிற்கிறது.
பனியில்
என் பூட்ஸ் தடம்.